பி மதிப்பு 0.04 வந்தும் கைடு ஏன் திருப்பி அனுப்பினார்?

ஆய்வு மாணவி: வேலைக்குப் போகும் பெண்கள் 40 பேர், வீட்டிலிருப்பவர்கள் 40 பேர். 50 மதிப்பெண்ணுக்கான மனஅழுத்த வினாத்தாள். சராசரி வித்தியாசம் 2.6, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) இரண்டு பக்கமும் 5.5, பி மதிப்பு 0.04. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வரும் வாய்ப்புதானே அது, 0.05-க்குக் கீழே வந்தால் போதும் என்பார்களே! சந்தோஷத்தில் ராத்திரியே ஜாங்கிரி வாங்கித் தின்றேன். காலையில் கைடு, "விளைவின் அளவு எங்கே, நம்பிக்கை இடைவெளி எங்கே?" என்று அத்தியாயத்தைத் திருப்பிவிட்டார். இதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தானே?

ஓய்வுபெற்ற வாத்தியார்: இல்லம்மா. 2.6-ஐ 5.5-ஆல் வகுத்தால் 0.47; வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று காட்டும் இதுதான் விளைவின் அளவு. உளவியல் புள்ளியியலாளர் கோஹென் சிறிது, நடுத்தரம், பெரிது என்று சொன்ன 0.2, 0.5, 0.8 வரிசையில் நடுத்தரம். (அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே, அவரே எச்சரித்திருக்கிறார்.) ஆனால் வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது நம் தரவுக்கு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் எல்லை, 0.15-லிருந்து 5.05 வரை. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதும் அதில் அடங்கும், ஐந்து மதிப்பெண்ணும் அடங்கும். 80 பேரை வைத்து அவ்வளவுதான் சொல்லலாம்.

உளவியல்காரன்: மனஉறுதி செலவாகித் தீரும் என்ற கருத்தை 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்து 2016-ல் வெளியிட்டன; 2,000 பேருக்கு மேல். விளைவின் அளவு (பி மதிப்பு அல்ல) 0.04, அதன் 95% இடைவெளி -0.07 முதல் 0.15 வரை. இடைவெளி குறுகலாக இருந்ததால்தான், அந்தச் சோதனையில் விளைவு இருந்தாலும் சொற்பமே என்று துணிந்து சொல்ல முடிந்தது.

ஆய்வு மாணவி: எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளில் இடைவெளியை எங்கே எடுப்பது சார்?

ஓய்வுபெற்ற வாத்தியார்: இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் அட்டவணையில் வலது கோடி, கடைசி இரண்டு கட்டம்.

ஆய்வு மாணவி: ஐயோ, பக்கத்தில் அடங்கவில்லை என்று அதைத்தான் வெட்டி எறிந்தேன்!