படுக்கையோரப் பணியை விட்டுக் காப்பீட்டு அனுமதிப் பணிக்கு மாறலாமா?

ஹூஸ்டன் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நர்சிங் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஏழு ஆண்டுகளாக ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் டெலிமெட்ரி பிரிவில், அதாவது இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வார்டில், இரவு டியூட்டி பார்த்து வருகிறேன். சென்ற ஆண்டு, கழிவறை வாசலில் சரிந்து விழப்போன நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்ததில் என் கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. பிசியோதெரபி முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்றாலும், பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் குனிந்து ஷூவைக் கழற்ற முடிவதில்லை. நான்கு வயது மகள்தான் கழற்றிவிடுகிறாள்.

ஆகவே, காப்பீட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே, சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருமா என்று முன்கூட்டியே கேட்டு வரும் முன் அனுமதிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் செவிலியர் பணிக்கு, அதாவது யூட்டிலைசேஷன் ரிவ்யூ என்று இங்கே சொல்லப்படும் பணிக்கு, விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுகிறேன். ஒரு நாளில் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும், வீட்டில் என்னென்ன ஏற்பாடுகள் தேவை என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பக்கவாதத்திலிருந்து தேறிய முதியவர் ஒருவர், டிஸ்சார்ஜ் செய்யலாம் என்று மருத்துவர் எழுதிய பிறகும், மறுவாழ்வு மருத்துவமனைக்கான அனுமதி வராததால் வெள்ளிக்கிழமை முதல் செவ்வாய்க்கிழமை வரை எங்கள் வார்டிலேயே படுத்திருந்தார். ஒவ்வொரு முறை நான் அறைக்குள் நுழையும்போதும் அவருடைய மகள் என் முகத்தைப் பார்த்து, “அனுமதி வந்துவிட்டதா?” என்று கேட்பார். அந்த மகள் யாரை நினைத்து வயிறெரிந்தாரோ, அந்த நாற்காலியில் போய் நானே உட்காரப் போகிறேனா என்ற எண்ணம் விண்ணப்பத்தை அனுப்ப விடாமல் தடுக்கிறது.

இரண்டு திரை எழுதியது:

வணக்கம் சிஸ்டர். எட்டு ஆண்டுகள் ஐசியுவில் இருந்துவிட்டு, கடந்த ஆறு ஆண்டுகளாக, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் வழியாக வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் நடத்தும் நிறுவனம் ஒன்றில் இந்தப் பணியில் இருக்கிறேன். உங்களை உறுத்தும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கோரிக்கையை அனுமதிக்கும் அதிகாரம் செவிலியருக்கு உண்டு. மருத்துவத் தேவை இல்லை என்று சொல்லி மறுக்கும் அதிகாரம் கிடையாது; அதைக் காப்பீட்டு நிறுவனத்தில் மெடிக்கல் டைரக்டராக இருக்கும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், செயற்கை நுண்ணறிவு மென்பொருளை மட்டும் நம்பி மறுக்கக் கூடாது என்றும், உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதி வாய்ந்த மருத்துவத் துறையினரோதான் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்றும் எழுத்திலேயே வைத்துவிட்டது. ஆகவே உங்கள் திரைக்கு வரும் கோரிக்கையை நீங்களே அனுமதிப்பீர்கள், அல்லது மருத்துவரின் பார்வைக்கு அனுப்புவீர்கள்.

ஆனால் இதைக் கேட்டவுடன் பொறுப்பு முழுவதும் மருத்துவருடையது என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் எழுதி அனுப்பும் அரைப் பக்கச் சுருக்கத்தைத்தான் அவர் முதலில் படிக்கிறார். நேரம் குறைவாக இருக்கும் நாளில் அதை மட்டுமே படிக்கவும் கூடும். அந்த அரைப் பக்கத்தை எழுதுவதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கீழ்முதுகு வலிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் கேட்டு ஒரு கிளினிக்கிலிருந்து சாதாரணக் கோரிக்கை வந்தது. இன்டர்குவால், எம்சிஜி போன்ற வழிகாட்டு விதிகளை வைத்துத்தான் நாங்கள் பார்க்கிறோம். இத்தகைய வலிக்கு மருந்தும் பிசியோதெரபியுமாகச் சுமார் ஆறு வாரம் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மருத்துவரின் குறிப்பில் அந்த ஆறு வாரம் இல்லை. விதியை மட்டும் பார்த்தால் அடுத்த படிக்கு அனுப்பிவிட்டு வேறு கோப்பைத் திறந்திருக்கலாம். இணைப்பில் பதினோரு பக்கம் ஃபேக்ஸ் இருந்தது. ஒன்பதாவது பக்கத்தில், கிளினிக் செவிலியர் தொலைபேசியில் நோயாளியுடன் பேசியதைக் கையால் எழுதியிருந்தார்: இரண்டு நாட்களாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போனதுபோல் இருக்கிறது. நரம்புக் கற்றை நசுங்குவதற்கான அடையாளம் அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு அறிகுறி இருந்தால் ஆறு வார விதியே பொருந்தாது. அனுமதி கொடுத்துவிட்டு உடனே கிளினிக்கை அழைத்து, நோயாளியை அவசரப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். வார்டில் சில ஆண்டுகள் நின்றவருக்குத்தான் அந்தக் கையெழுத்து வரி கண்ணில் குத்தும். இந்தப் பணிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நேரடி அனுபவம் கேட்பதன் காரணமும் இதுதான்.

அன்றாடத்தைப் பொறுத்தவரை, இது கடிகாரத்துடன் நடக்கும் வேலை. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களிலும், குறைந்த வருமானத்தினருக்கான மெடிகெய்ட் திட்டங்களிலும் 2026 ஜனவரி 1 முதல் அவசரக் கோரிக்கைகளுக்கு 72 மணி நேரத்திலும், சாதாரணக் கோரிக்கைகளுக்கு 7 நாட்காட்டி நாட்களிலும் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் மெடிகேர் அட்வான்டேஜில் சாதாரணக் கோரிக்கைக்கு 14 நாட்கள் வரை இருந்தது. நோயாளிக்கு இது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் திரையில் சிவப்பாகும் கோப்புகளின் எண்ணிக்கை கூடியிருப்பதும் உண்மை. எனக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபது கோப்புகள் வருகின்றன. எத்தனை முடித்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கணக்கில் ஏறும். அந்தப் பதினோரு பக்க ஃபேக்ஸுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்கு மேலாளரிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அவரும் ஏற்றுக்கொண்டார். எல்லா மேலாளரும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே நேர்காணலில் நீங்களே கேளுங்கள்: தினசரி இலக்கு என்ன, சிக்கலான கோப்புக்கு விலக்கு உண்டா, மறுப்பு எண்ணிக்கைக்கும் ஊக்கத்தொகைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? கடைசிக் கேள்விக்குத் தெளிவாக “இல்லை” என்று பதில் வராவிட்டால் அங்கே சேர வேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை, கதவு பூட்டக்கூடிய தனி அறை, கேபிள் வழி இணையம், நிறுவனம் தரும் மடிக்கணினி, இரண்டு திரைகள். நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் ஹிப்பா சட்டப்படி நோயாளியின் விவரம் வீட்டாரின் கண்ணிலோ காதிலோ படக் கூடாது. குரல் கேட்டுப் பதில் சொல்லும் கருவிகளை அந்த அறையில் வைக்காதீர்கள். வீட்டில் இருப்பதால் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது. பல நிறுவனங்கள் குழந்தைப் பராமரிப்புக்கு வேறு ஏற்பாடு இருப்பதாக எழுதியே வாங்குகின்றன.

கேஸ் மேனேஜர் அக்கா எழுதியது:

நான் மறுகரையில் இருப்பவள்: மருத்துவமனைக்காக, காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்டு வாதாடும் செவிலியர். வீட்டிலிருந்துதான் செய்கிறேன். உங்கள் மனம் காப்பீட்டு நிறுவனத்தின் நாற்காலியை ஏற்க மறுத்தால், இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன் தங்கை.

நீங்கள் சொன்ன முதியவரின் கதை எனக்கு மிகவும் பழக்கமானது. மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்க்க மெடிகேர் பார்ப்பது, நோயாளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைத் தெரபி தேவைப்படுகிறதா, பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் அதைத் தாங்கிப் பலன் பெற முடியுமா என்பதை. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களும் மெடிகேரின் இந்த அளவுகோல்களையே பின்பற்ற வேண்டும் என்று 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி தெளிவாகவே சொல்கிறது. இப்போது வெள்ளிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். கோரிக்கையுடன் போன பிசியோதெரபிக் குறிப்பு புதன்கிழமை எழுதப்பட்டது. அன்று நோயாளி சோர்வாக இருந்ததால் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். வார இறுதியில் புதிய மதிப்பீடு செய்யத் தெரபிஸ்ட் இல்லை. மூன்று மணி நேரம் தாங்குவார் என்பதற்கு அந்தக் கோப்பில் எந்தச் சான்றும் இல்லை. உங்கள் நோயாளிக்கு நடந்தது அப்படியே இதுதான் என்று நான் சொல்லவில்லை; நான் கையாளும் தாமதங்களில் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன. நிறுவனத்தின் தவறே இல்லாமலும் இல்லை: சனிக்கிழமை கோப்பைத் திறக்க ஆளே இல்லாத இடங்களையும் பார்த்திருக்கிறேன், அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

இத்தகைய வேளையில் என்னைக் காப்பாற்றுவது இரவு டியூட்டிச் செவிலியரின் குறிப்புதான். “நோயாளி நன்றாக உறங்கினார்” என்ற வரியால் எனக்குப் பயனில்லை. “ஒருவர் உதவியுடன் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறினார், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், இடது கையால் தானே சாப்பிட்டார்” என்று யாராவது எழுதியிருந்தால், அதை எடுத்து அனுப்பி வழக்கை நிமிர்த்திவிடுவேன். சென்ற மாதம் இதய செயலிழப்பு நோயாளி ஒருவரை, இன்பேஷன்டாக, அதாவது முழு உள்நோயாளியாக, ஏற்க முடியாது, அப்சர்வேஷன் எனும் தற்காலிகக் கண்காணிப்பில் வைத்தால் போதும் என்று காப்பீட்டு நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். மருத்துவரின் தினக் குறிப்பு முதல் நாள் எழுதியதன் நகலாகவே இருந்தது. ஆனால் செவிலியர்கள் நேரவாரியாக அளவுகளைப் பதியும் ஃப்ளோ ஷீட்டில், ஆக்சிஜன் இல்லாமல் 86 சதவீதம், ரத்தக்குழாய் வழி மருந்து கொடுத்தும் இரண்டாம் இரவு மறுபடி மூச்சுத் திணறல், ஆக்சிஜன் இரண்டு லிட்டரிலிருந்து நான்கு லிட்டர் என்று ஒரு செவிலியர் மணிக்கணக்குடன் பதிந்திருந்தார். எங்கள் மருத்துவரும் அவர்கள் மருத்துவரும் நேரடியாகப் பேசும் பியர் டு பியர் அழைப்புக்கு அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிவு மாறியது. அதைப் பதிந்த செவிலியருக்கு இது தெரிந்திருக்கவே வழியில்லை என்பதால், யூனிட்டுக்கு அழைத்து நானே சொன்னேன்.

இந்தப் பக்கத்தில் வேலை தேடினால், முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். பல இடங்களில் சில மாதம் நேரில் பயிற்சி கொடுத்த பிறகே வீட்டிலிருந்து செய்ய விடுகிறார்கள். வருமானத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்; இரவு டியூட்டிக்கும் வார இறுதிக்கும் கிடைத்துவந்த கூடுதல் தொகை நின்றுவிடும்.

மறுபடி வார்டில் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றும் பதிவாக வேண்டும். பதினான்கு மாதம் இந்த வேலையைச் செய்துவிட்டு நான் வார்டுக்கே திரும்பிவிட்டேன். மறுப்புக் கடிதங்கள் காரணமில்லை, தனிமைதான் காரணம். காலையில் அறைக்குள் நுழைந்து கதவைப் பூட்டினால் மாலை வரை மனிதக் குரல் என்பது தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் குரல்தான். ஒரு நோயாளியின் கோப்பைப் படித்து அனுமதித்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்பது கடைசி வரை தெரியாது. அது என்னை அரித்தது. உங்கள் முதுகு தாங்குமானால், மாதம் ஒன்றிரண்டு நாளாவது பிஆர்என் அடிப்படையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் செவிலியராக, வார்டுக்குப் போய்வாருங்கள். ஐவி போடும் கை பழக்கத்தை இழப்பதற்கு ஓராண்டுகூட ஆகாது.

ஹூஸ்டன் செவிலி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எழுதும் இரவுக் குறிப்பை இன்னொரு செவிலியர் தேடி எடுத்து ஒருவருக்காக வாதாடுகிறார் என்பதை ஒன்பது ஆண்டுகளாக அறியாமலே இருந்திருக்கிறேன். மருத்துவமனைப் பக்கத்துப் பணி பற்றி எங்கள் கேஸ் மேனேஜ்மென்ட் பிரிவில் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அம்மாவுக்கு மதுரையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலைதானே, மடிக்கணினியை எடுத்துப்போய் இரண்டு மாதம் அங்கிருந்தே வேலை பார்க்க அனுமதிப்பார்களா? டெக்சஸ் உரிமம் மட்டும் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு திரை எழுதியது:

உரிமம் எளிது. டெக்சஸ், செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் உள்ள மாநிலம். உங்களிடம் பல மாநிலங்களுக்குச் செல்லும் உரிமம் இருந்தால் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களின் நோயாளிகளுக்கும் அதுவே செல்லும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. அவற்றுக்குத் தனி உரிமம் கேட்டால், செலவை நிறுவனம் ஏற்குமா என்று சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து வேலை பார்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் விவரங்கள் நாட்டுக்கு வெளியே போவது குறித்து மெடிகேர் திட்டங்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு மெடிகெய்ட் பணம் போகக் கூடாது என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து இணைப்பு வந்தாலே தடுத்துவிடுகின்றன. யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலையுடன் உங்கள் உரிமத்துக்கும் கேடு வரலாம்.

என் தந்தை படுக்கையில் விழுந்தபோது, குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வதற்கான எஃப்எம்எல்ஏ விடுப்பு எடுத்தேன். பணியில் ஓராண்டும் 1,250 மணி நேரமும் முடித்திருக்க வேண்டும், நிறுவனமும் போதிய அளவு பெரியதாக இருக்க வேண்டும். தகுதி இருந்தால் 12 வாரம் வரை வேலை பாதுகாப்பாக இருக்கும், சம்பளம் கிடைக்காது. மருத்துவரின் சான்றை இந்தியாவிலிருந்தே வாங்கி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நீங்கள் இருக்கும் மருத்துவமனையில் அந்தத் தகுதி உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். புதிய நிறுவனத்துக்கு மாறினால் ஓராண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, முடியுமானால் அம்மாவின் அறுவை சிகிச்சையை முடித்துவிட்டுப் பிறகு வேலை மாறுங்கள்.