கேஸ் ஷீட் படங்களும் வாட்ஸ்ஆப் குழுக்களும்: மேற்பார்வையாளர் எங்கே தொடங்குவது?

கேள்வி: நர்சிங் சூப்பர்வைசர், தனியார் மருத்துவமனை

அனைவருக்கும் வணக்கம். இன்சார்ஜ் சிஸ்டராக இருந்த எனக்கு அண்மையில் சூப்பர்வைசர் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். சில வார்டுகளும் ஓர் ஐ.சி.யூ.வும் என் பார்வையில் வருகின்றன. பொறுப்பேற்ற உடனேயே என்னைப் பல வாட்ஸ்ஆப் குழுக்களில் சேர்த்துவிட்டார்கள். நோயாளியின் பெயர், வயது, நோய் விவரம், ஆய்வக முடிவு, படுக்கைப்புண்ணின் படம், சில வேளைகளில் கேஸ் ஷீட்டின் முழுப் பக்கம் என்று நாள் முழுவதும் அவற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. டாக்டர்களும் செவிலியர்களும் மட்டுமல்ல, பில்லிங், இன்சூரன்ஸ் பிரிவினரும், வேலையை விட்டு வெளிநாடு போய்விட்ட பழைய செவிலியர்கள் சிலரும்கூட அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள்.

இதை நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விடுவது எளிது. ஆனால் நள்ளிரவில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவு ஆபத்தான நிலையில் வந்தால் கன்சல்டன்டுக்கு அதை எப்படித் தெரிவிப்பது என்று ஓர் இளம் செவிலியர் கேட்டால், குழுவைத் தவிர வேறு வழியை என்னால் காட்ட முடியவில்லை. இன்னொரு வார்டில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் இருக்கிறது. "எங்கள் பாதுகாப்புக்காகத்தான் மேடம்" என்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. இவை போதாதென்று, இரவுப் பணியில் எல்லோரும் இன்சார்ஜ் சிஸ்டரின் லாகினிலேயே கணினிப் பதிவுகளைச் செய்கிறார்கள்.

இவற்றுள் எதை முதலில் மாற்ற வேண்டும்? தவறு நேர்ந்தால் சட்டப்படி யார் பதில் சொல்ல வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், அரசு மருத்துவமனை

சிஸ்டர், செவிலியர்களின் கைப்பேசியைப் பார்க்கும் முன்பு உங்களுடையதைத் திறந்து, கடந்த வாரத்தில் நீங்களும் உங்களுக்கு மேலே இருப்பவர்களும் எத்தனை முறை "படம் எடுத்து அனுப்பு" என்று கேட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிரெஸ்ஸிங் மாற்றியதற்குப் படம், கேனுலா (மருந்து ஏற்றும் குழாய்) போட்ட இடத்துக்குப் படம், சார்ட் எழுதி முடித்ததற்குப் படம் என்று சான்று கேட்பது மேற்பார்வையாளர்கள்தாம். வார்டுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியதை நாற்காலியில் இருந்தபடி பார்க்க விரும்புகிறோம். அதற்கான விலையை நோயாளி கொடுக்கிறார். நான் பார்த்தவரை, வார்டிலிருந்து தகவல் வெளியே போவதற்குச் செவிலியரின் வம்புப் பேச்சைவிட மேலிடத்தின் இந்தக் கேள்விதான் பெரிய காரணம். கேட்பது நின்றால் அனுப்புவதில் பெரும்பகுதி தானாகவே நின்றுவிடும். ஆகவே முதல் சுற்றறிக்கையை உங்களுக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

அவசர ஆய்வக முடிவைப் பொறுத்தவரை, தொலைபேசி அழைப்புதான் சரியான வழி. செவிலியர் நோயாளியின் பெயரையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் சொல்லி முடிவைத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் தரும் உத்தரவைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரத்தோடு அதை எழுதி வைக்க வேண்டும். குழுவில் ஏதேனும் போட்டே ஆக வேண்டுமென்றால் "ஐ.சி.யூ.வை உடனே அழைக்கவும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. பெயரை மறைக்கிறோம் என்று கட்டில் எண்ணை மட்டும் வைத்து மருந்து உத்தரவு வாங்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. மாலையில் கட்டில் மாறினால் ஒருவருக்கான மருந்து இன்னொருவருக்குப் போய்விடும். இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், கட்டில் எண் அவற்றில் ஒன்றாகாது என்ற விதியை அந்தரங்கத்தின் பெயரால் யாரும் தளர்த்தக் கூடாது.

சிவப்பு ஸ்டிக்கரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை அது தடை செய்கிறது. சிகிச்சையில் நேரடியாக ஈடுபட்டிருக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு, சிகிச்சைக்குத் தேவையான அளவில் சொல்வதற்கு அதில் இடமுண்டு. கட்டிலைக் கடந்து செல்லும் துப்புரவுப் பணியாளரும் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினரும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். மனைவிக்கோ கணவருக்கோ தெரிவிப்பதைக்கூட, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, மருத்துவரிடமோ ஆலோசகரிடமோதான் அந்தச் சட்டம் விட்டிருக்கிறது. அது செவிலியரின் வேலை அல்ல. அத்தகைய கேள்வியோடு வருபவரை டாக்டரிடம் அல்லது நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதே முறை.

செவிலியர்களின் அச்சத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கர் இல்லாத கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பரிசோதனையே செய்யப்படாமல் இருக்கலாம். ஸ்டிக்கரை நம்பிக் கையுறை போடுகிறவர், அது இல்லாத இடத்தில் கையுறையை விட்டுவிடுவார். எல்லா நோயாளிக்கும் ஒரே முன்னெச்சரிக்கை என்பதும், நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகத் தங்கள் மேல் குத்திவிட்டால் உடனடியாகத் தடுப்பு மருந்து கிடைக்கும் என்பதும்தான் அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு. இந்த இரண்டையும் நிறுவனம் ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கையுறைப் பெட்டி காலியாகக் கிடக்கும் வார்டில் நின்று அந்தரங்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை.

பதில் 2: தரப்பிரிவில் பணிபுரியும் செவிலியர்

பெரிய மேடம் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். சட்டப் பொறுப்பு, லாகின் ஆகிய இரண்டையும் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வரும். தரவைப் பாதுகாக்க உரிய ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அந்த அபராதம் மருத்துவமனை மீதுதான் விழும், தனிச் செவிலியர் மீது அல்ல. இதை உங்கள் நிர்வாகத்திடம் சொல்லிப் பாருங்கள். மருத்துவமனைக்கென்று ஒரு பாதுகாப்பான செய்திச் செயலி வாங்கித் தரும்படி நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அப்போது தனி மரியாதை கிடைக்கும். அதற்காகச் செவிலியருக்குத் தனிப்பட்ட பொறுப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்ற தடை தனி மனிதர்களுக்கும் பொருந்தும். கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ், அதற்காக அனுமதிக்கப்படுவோரின் பதிவேடு இரகசிய ஆவணமாகவே வைக்கப்பட வேண்டும். மனநல நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தருவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

வாட்ஸ்ஆப் செய்தி மறையாக்கத்தோடுதான் போகிறது என்று ஐ.டி. பிரிவினர் வாதிடுவார்கள். வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். போய்ச் சேர்ந்த பிறகோ, படம் கைப்பேசியின் கேலரியில் தானாகச் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் போகிறது. வீட்டில் குழந்தை விளையாட அதே கைப்பேசியைத்தான் கேட்கிறது. வேலையை விட்டவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும் அவரிடம் ஏற்கெனவே உள்ள படங்களை நீங்கள் திரும்பப் பெற முடியாது. ஆகவே விடுவிப்புப் படிவத்தில், அடையாள அட்டையை ஒப்படைக்கும் வரிக்குக் கீழே, லாகின் முடக்கப்பட்டதா, குழுக்களிலிருந்து நீக்கப்பட்டாரா, சொந்தக் கைப்பேசியிலிருந்த நோயாளி விவரங்களை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தாரா என்ற வரிகளையும் சேர்த்துவிடுங்கள்.

பொது லாகின் விஷயத்தில் அறிவுரை பலிக்காது, தன்னலம் பலிக்கும். இரவில் கொடுத்த ஊசி மருந்தில் சிக்கல் வந்து விசாரணை நடந்தால், கணினி காட்டுவது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இன்சார்ஜ் சிஸ்டரின் பெயரைத்தான். இதை அவரிடம் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். மறுநாளே பாஸ்வேர்டு மாறிவிடும். அதே சமயம், மக்கள் ஏன் பகிர்கிறார்கள் என்பதையும் கண்டறிய வேண்டும். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் வர வாரக்கணக்கில் ஆகும். அல்லது வார்டில் ஒரே கணினி இருக்கும், ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்ளே வர நேரம் பிடிக்கும். சேரும் நாளன்றே லாகின் என்பதை ஐ.டி. பிரிவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதில் 3: செவிலியர் கல்லூரி ஆசிரியை

ஒரு சிறு சேர்க்கை. உங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவியரின் கேஸ் ஸ்டடி நோட்டுகளைப் பாருங்கள். நோயாளியின் முழுப் பெயர், முகவரி, குடும்ப வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். அது விடுதி அறையில் கிடக்கும், அடுத்த ஆண்டு மாணவிக்கும் கைமாறும். எங்கள் கல்லூரியில் முதலெழுத்தும் வயதும் போதும் என்று மாற்றியிருக்கிறோம். மதிப்பெண் எதுவும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றையும் இளையவர்களுக்குச் சேர்த்தே கற்பியுங்கள். இரகசியம் காப்பது என்பதைச் சிலர் எதையும் யாரிடமும் சொல்லாமல் இருப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கடமை. தெரிவிக்காமல் இருப்பதுதான் அங்கே குற்றம். காசநோய் கண்டறியப்பட்டால் அரசுக்கு அறிவிப்பதும் அப்படிப்பட்டதே. உரியவரிடம் சொல்வதும் வராந்தாவில் பேசுவதும் வேறு வேறு.

கேள்வியாளர்:

மூவருக்கும் நன்றி. படம் கேட்பது பற்றிப் பெரிய மேடம் எழுதியதைப் படித்துவிட்டு என் கைப்பேசியைப் பார்த்தேன்; அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. கூடுதலாக ஓர் ஐயம். எங்கள் செவிலியர் ஒருவரே இப்போது நோயாளியாக அனுமதிக்கப்பட்டிருக்கிறார். அக்கறையால்தான் என்றாலும், வேறு வார்டுச் செவிலியர்கள் கணினியில் அவருடைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கிறார்கள். பணிப் பட்டியல் போடுவதற்காக என்ன நோய் என்று என்னிடம் கேட்கும் இன்சார்ஜ்களும் இருக்கிறார்கள்.

பதில் 2: தரப்பிரிவுச் செவிலியர்

அவருடைய கோப்பை யார் யார், எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலை ஐ.டி. பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மருத்துவமனை மென்பொருள்களில் அது கிடைக்கும். அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. மருத்துவமனைகள் 2011-இல் 8,65,500 டாலர் கட்ட நேர்ந்தது இப்படிப்பட்ட விஷயத்தால்தான். சிகிச்சையோடு தொடர்பில்லாத ஊழியர்கள் பிரபலங்களின் பதிவுகளைத் திறந்து பார்த்தார்கள் என்பது அங்கே எழுந்த புகார். முதன்முறை பார்த்தவர்களைத் தனியே அழைத்து, பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பதைக் காட்டினாலே போதும். ஊசிக்குத்துப் பதிவேட்டையும் பாருங்கள் மேடம்; செவிலியர்களுடைய சொந்த இரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் பெயரோடு இருக்கும், பல இடங்களில் அது நர்சிங் ஸ்டேஷன் மேசையிலேயே திறந்து கிடக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

பணிப் பட்டியலுக்கு அந்தச் செவிலியர் எத்தனை நாள் வரமாட்டார் என்பதும், திரும்பி வந்தபின் இரவுப் பணியோ பளு தூக்குவதோ தவிர்க்கப்பட வேண்டுமா என்பதும் தெரிந்தால் போதும். இன்சார்ஜ்களிடம் அந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். நோயின் பெயரை மீண்டும் கேட்டால், பட்டியலில் எந்தக் கட்டத்தை நிரப்ப அது வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். இவற்றையெல்லாம் செய்யும் முன்பு அந்தச் செவிலியரைப் போய்ப் பார்த்து, தன்னைப் பற்றி யாருக்கு என்ன சொல்லலாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.