சுவிஸ் யூரோவிஷன் தெரிவுக்குத் தமிழ்ப் பாட்டு அனுப்பலாமோ? "எண்டு"வை "என்று" ஆக்கச் சொல்லீனம்

கொக்குவில் மாமி:
எல்லாருக்கும் வணக்கம். என்ர அண்ணான்ர மகள் சுவிஸில பிறந்து வளந்தவள், 19 வயசு, நல்லாப் பாடுவாள். இப்ப தானே எழுதி ஒரு பாட்டுச் செய்து வட்ஸ்அப்பில அனுப்பினவள், மாமி இதை யூரோவிஷனுக்கு, அதுதான் நாட்டுக்கு ஒரு பாட்டா அனுப்பிப் போட்டி போடுற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு, பாட்டு எடுக்கிற இடத்துக்கு அனுப்பப் போறன் எண்டு. கேட்டுப்போட்டு நான் அழுதிட்டன். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குள்ள யாழ்ப்பாணச் சனம் எல்லாம் இடம்பெயரேக்க எங்கட அம்மா வீட்டைப் பூட்டி திறப்பைச் சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சவா, நாவற்குழிப் பாலத்தடியில மழைக்குள்ள ஒரு அடி வைக்க ஏலாமல் சனம் நெருக்கேக்கையும் அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பாத்து "ரெண்டு நாளில வந்திடுவம், வந்திடுவம்" எண்டு சொல்லிக்கொண்டே வந்தவா. அதை நான் தான் இவளுக்குச் சின்னனில சொன்னது. அவள்ர பல்லவியே "வந்திடுவம் எண்டு" தான். மிச்சம் இங்கிலீஷ்.

அண்ணை என்னெண்டா முழுக்க இங்கிலீஷாக்கு, தமிழ்ப் பாட்டை அந்த நாடு ஏன் அனுப்பப் போகுது, அரசியல் எண்டு தூக்கி எறிவாங்கள், தமிழ் வேணுமெண்டு நிண்டா "எண்டு"வை எண்டாலும் "என்று" ஆக்கு எண்டுறார். பிள்ளை குழம்பிப் போய் நிக்கிறாள். ஒரு நாடு தன்ர பாட்டை எப்பிடித் தெரிவு செய்யுது, தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

வின்ரர்தூரில இருந்து:
அக்கா, மொழிக்குத் தடை இல்லை. முந்தி ரெண்டு தரம் சொந்த மொழியில தான் பாடோணும் எண்டு சட்டம் வைச்சிருந்தவை, 1999இல அதை எடுத்தாச்சு. பெல்ஜியம் 2003இல உலகத்தில எங்கயுமே இல்லாத, தாங்களாச் செய்த ஒரு பாஷையில பாடி ரெண்டாவதா வந்தது! சுவிஸும் 1989இல ரொமான்ஷ் மொழிப் பாட்டு அனுப்பினது, இஞ்சத்த நாலு மொழியில ஆகக் குறைஞ்ச சனம் பேசுறது அது தான். பாடுற ஆள் ஆர் எண்டதும் பிரச்சினை இல்லை, 1988இல சுவிஸுக்கு வெண்டு குடுத்த செலின் டியோன் கனடாக்காரி.

தெரிவு எப்பிடி எண்டா, சுவீடன், நோர்வே மாதிரி ரீவியில போட்டி வைச்சு சனம் வோட் போடுறது இஞ்ச 2018ஓட நிண்டிட்டுது. 2019இல இருந்து வந்த பாட்டுகளை 100 பேர் கொண்ட நேயர் குழு ஒண்டும் வெளிநாட்டு இசைத்துறை ஆக்கள் உள்ள நடுவர் குழு ஒண்டும் கேட்டுப் புள்ளி போட்டு உள்ளுக்கயே எடுத்தவை. 2024இல மல்மோவில 591 புள்ளியோட வெண்ட நேமோவின்ர பாட்டும் அப்பிடிப் போனது தான்.

இப்ப முக்கியமான விசயம், பாட்டு எவ்வளவு நேரம்? 3 நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. மேடையில 6 பேர் தான் நிக்கலாம். மிருதங்கம், வயலின் எல்லாம் முதலே ரெக்கோட் பண்ணினது தான் போகும், முதன்மையாப் பாடுற குரல் தான் லைவ். போட்டி நடக்கிறதுக்கு முந்தின வருசம் செப்டெம்பர் 1க்கு முதல் வெளியிட்ட பாட்டையும் எடுக்காயினம், அதால பிள்ளையை அவசரப்பட்டு யூடியூப்பில போட விடாதேங்கோ.

கரவெட்டிப் பெடியன்:
"எண்டு"வை மாத்த வேண்டாம் அக்கா, தயவு செய்து. 2025 சுவீடன்ர தெரிவை எடுங்கோ, மான்ஸ் செல்மர்லோவ் 2015இல யூரோவிஷனையே வெண்ட ஆள், வெளிநாட்டு நடுவர்களும் அவரைத் தான் முன்னுக்கு வைச்சவை. ஆனா சனம் வோட் போட்டு ஏத்தினது காய் எண்ட மூண்டு பெடியளை. அவங்கள் சுவீடனே இல்லை, பின்லாந்தில வேரோ எண்ட சின்ன ஊர், அந்த ஊர்ப் பேச்சுச் சுவீடிஷில சவுனாக் குளிக்கிறதைப் பற்றிப் பாடினவங்கள். 1998க்குப் பிறகு சுவீடன் தன்ர மொழியில அனுப்பின முதல் பாட்டு அது, அதுவும் பக்கத்து நாட்டு ஊர்ப் பேச்சில! பாசெலில நடந்த யூரோவிஷனில நாலாவது இடம்.

நான் கொழும்பில வேலைக்குப் போன புதுசில "எண்டு" எண்டா மற்றவை விளங்காத மாதிரிப் பாப்பினம், நானும் மெல்ல மெல்ல "என்று" எண்டு கதைக்கப் பழகி, ஒருநாள் அம்மாவோட போனில கதைக்கேக்கயும் அப்பிடியே வந்திட்டுது. அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. அந்த அப்பம்மா பாலத்தில நிண்டு "வந்துவிடுவோம் என்று" எண்டோ சொன்னவா?

நல்லூரடி:
அரசியல் எண்ட பயத்துக்கு நான் சொல்லுறன். அரசியல் வரி கூடாது எண்டு விதி இருக்கிறது உண்மை. ஆனா 2016இல உக்ரைன் ரீவித் தெரிவில சனமும் நடுவரும் சேந்து ஜமாலா எண்ட பாடகியின்ர பாட்டை எடுத்தவை. 1944இல ஸ்டாலின் கிரிமியத் தாத்தார் சனத்தை ஊரோட ஏத்தி அனுப்பினது, அதில போன தன்ர பூட்டியின்ர கதை. பல்லவி தாத்தார் மொழியில. ரஷ்யாவில எதிர்ப்பு வந்தும் நடத்துறவை இது அரசியல் இல்லை எண்டு விட்டவை, 534 புள்ளி எடுத்து வெண்டது. உங்கட மருமகளின்ர பாட்டில இருக்கிறது ஒரு திறப்பும் ஒரு மனிசியும்.

2025 இறுதிப்போட்டி தொடங்கினது எங்கட நேரம் இரவு 12.30, முள்ளிவாய்க்கால் நினைவு நாள், மே 18 பிறந்திட்டுது. கஞ்சிக்கு அரிசி எடுத்து வைச்சிருந்த வீட்டில எனக்கு ரீவி போட மனம் வரேல்ல, ரெண்டு நாள் கழிச்சுத் தான் பாத்தனான். இப்பிடி ஒரு பாட்டு அந்த மேடையில வருமெண்டா அந்த இரவு நான் முழிச்சிருந்து பாப்பன்.

பேர்கன் மாமா:
தங்கச்சி, கோவிக்காதேங்கோ, மற்றப் பக்கத்தையும் பிள்ளைக்குச் சொல்லோணும். எங்கட சனம் வோட் போட்டுத் தூக்கிவிடும் எண்ட நினைப்பு வேண்டாம், தெரிவில அந்தக் குழுக்கள் தான் முடிவு. இறுதியில எண்டாலும் சொந்த நாட்டுக்கு வோட் போடேலாது, சுவிஸ் தமிழர் அவளுக்குப் போடேலாது. நாங்கள் நோர்வேயில இருந்து போடலாம், 2023இல இருந்து கனடாவில, யாழ்ப்பாணத்தில இருக்கிறவையும் இணையத்தால போடலாம், அது வேற கதை. இப்பிடி உள்ளுக்க எடுக்கிற பாட்டு நடுவருக்குப் பிடிச்சாலும் சனத்துக்குப் பிடிக்குமெண்டில்லை, 2025இல சுவிஸ் பிரெஞ்சுப் பாட்டு நடுவர் புள்ளி 214 எடுத்து அதில ரெண்டாவது, சனத்தின்ர வோட்டில 0. அந்தப் பிள்ளை மேடையில நிண்டு அதைக் கேட்டது எனக்கு இப்பவும் நோகுது. தமிழை விடச் சொல்லேல்ல, வடிவா வைக்கட்டும், ஆனா அந்தத் திறப்பு என்ன திறப்பு எண்டு இங்கிலீஷ் சரணத்தில ஒரு வரியில விளங்க வைக்கோணும், கேக்கிற 100 பேருக்கும் நாவற்குழி தெரியாது தானே.

கொக்குவில் மாமி:
எல்லாருக்கும் நன்றி பிள்ளையள். இதை முழுக்க அவளுக்கு வாசிச்சுக் காட்டினன், பேர்கன் அண்ணை சொன்ன இடத்தில "அது சரி மாமி" எண்டவள். பாட்டு 4 நிமிசம் 20 செக்கன் இருந்தது, முன்னுக்கு இருந்த நீட்டு ஆலாபனையை வெட்டிப் போட்டாள். திறப்புக்கு எழுதின வரியை ராத்திரி அனுப்பினவள், அம்மாவின்ர சீலை நிறத்தையும் கேட்டவள், கத்தரிப்பூ நிறம் எண்டு சொன்னன். இப்ப 2 நிமிசம் 54 செக்கன். அண்ணை இன்னும் "என்று" தான் சரி எண்டுறார். பல்லவியில அவள் கை வைக்கேல்ல.