கொலராடோ 2023: 4-8 என்பது முன்னேற்றமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2022-ல் 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி) என்று கிடந்த கொலராடோ பல்கலைக்கழக டீமுக்கு டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்து, பழைய ஆட்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு டிரான்ஸ்ஃபர் போர்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) புது டீமே கட்டினார். முதல் மூன்று மேட்ச்சும் ஜெயித்தும் கடைசியில் 4-8. இது முன்னேற்றமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஸ்டான்ஃபோர்டு மேட்ச்? பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னால் இருந்துவிட்டு 46-43-ல் கோட்டைவிட்டார்கள்.

பதில்: பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை, அதாவது லைன்தான் பிரச்சினை. பந்தை எறிய நிமிர்வதற்குள் குவார்ட்டர்பேக் ஷெடூரை மடக்கிப் போட்டால் அவர் என்னதான் செய்வார், அந்த சீசனில் 50 தடவைக்கு மேல் சாக்! போர்டலில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் கிடைத்துவிடுவார், நல்ல லைன்மேன் குதிரைக்கொம்பு.

பதில்: அடுத்த வருஷமே 9-4, டீமின் டிராவிஸ் ஹன்டருக்கு ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது). அப்புறம் என்ன?

பதில்: சரி, ஷெடூர், ஹன்டர் இருவரும் போனதும் 2025-ல் 3-9 ஆச்சே?