“அப்பத்தா வீடு” குழுவில் வியாழக்கிழமை

வசந்தா அத்தை: ஞாயிற்றுக்கிழமை தீபா பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறோம். போர்வையின் மேல்பக்கம் தைத்து முடித்துவிட்டேன். அடித்துணிதான் பற்றவில்லை. யார் வீட்டிலாவது பருத்தித் துண்டுகள் இருந்தால் நாளைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

செல்வி சித்தி: எவ்வளவு வேண்டும் மதினி

வசந்தா அத்தை: மேல்பக்கம் 40க்கு 50 இன்ச். தைக்கத் தைக்கத் துணி நகரும், அதனால் அடியில் சுற்றிலும் 3 இன்ச் கூட வேண்டும். ஆக 46க்கு 56. அப்பத்தாவின் பச்சைச் சுங்குடியில் கொசுவம் வைத்த பக்கம் நைந்துவிட்டது, விரல் பட்டாலே கிழிகிறது. முந்தானைப் பக்கம் 30 இன்ச் நன்றாக இருக்கிறது. அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் 14 இன்ச் பட்டை. மூட்டுக்கு ஒரு இன்ச் வீதம் 2 இன்ச் போய்விடும், மீதி சரியாக 56.

கார்த்தி: வணக்கம் டீச்சர் 🙏

கார்த்தி: வேன் 9 மணிக்கா 9.30க்கா?

முருகேசன் சித்தப்பா: கடையில் ஒரு சாக்கு பிட்டுத்துணி கிடக்கிறது அக்கா. கார்த்தி வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

வசந்தா அத்தை: முருகேசா, ரூபியா, பாப்ளின் மட்டும் கொடு. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பார். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணி மாதிரி கெட்டியானால் வேண்டவே வேண்டாம். போன தடவை நீ கொடுத்ததில் டெரிகாட்டன் கலந்திருந்தது. ஒரே சலவையில் என் துணி சுருங்கி, உன் துணி அப்படியே நின்று, போர்வை பொரித்த அப்பளம் மாதிரி ஆனது.

முருகேசன் சித்தப்பா: அது 2011 அக்கா

செல்வி சித்தி: இன்னும் இருக்கிறது. கால்மிதியாக

லட்சுமி பெரியம்மா: செத்தவர் சேலை பச்சைப்பிள்ளைக்கு ஆகுமா வசந்தா? எனக்குப் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

வசந்தா அத்தை: 91 வயது வாழ்ந்தவர் சேலை மதினி. தீபாவுக்கே அந்தச் சுங்குடியில்தானே தூளி கட்டினோம்.

தீபா அக்கா: எனக்கு அதுதான் வேண்டும் பெரியம்மா

கார்த்தி: மதுரை வெயிலுக்குப் போர்வை 🥵

தீபா அக்கா: கீழே விரிக்கத்தான்டா. உள்ளே பஞ்சுகூட இல்லை, தாத்தா வேட்டிதான்

வசந்தா அத்தை: துணி கொடுக்கிறவர்கள் ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். அடர்ந்த நிறம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். நெசவு ஓரம் இறுக்கமாக இருக்கும், துவைத்த பிறகு சுருக்கம் விழும், அதை வெட்டிவிட்டுத்தான் இணைப்பேன். மூட்டை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை முதுகில் உறுத்தும். நட்டநடுவில் மூட்டு வைக்கவே கூடாது, மடிப்பு அங்கேதான் விழும், சீக்கிரம் நைந்துபோகும். அப்புறம்

கார்த்தி: அத்தை மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்

முருகேசன் சித்தப்பா: பாயசமா கேசரியா? சமையல்காரர் லைனில் இருக்கிறார்

லட்சுமி பெரியம்மா: பாயசம்

செல்வி சித்தி: போன விசேஷத்துக்கும் பாயசம்

முருகேசன் சித்தப்பா: கேசரி என்று சொல்லிவிட்டேனே

வசந்தா அத்தை: பேச்சை மாற்றாதீர்கள். அப்பத்தாவின் செங்கல் நிறக் கண்டாங்கி கருமாதிக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. யாரிடம் இருக்கிறது? அது முரட்டு நூல், நன்றாகத் தாங்கும். ஒரு பட்டை கிடைத்தால் போதும்.

கார்த்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி சித்தி: படித்துவிட்டேன் 😄

தீபா அக்கா: நானும்

லட்சுமி பெரியம்மா: அத்தை உயிரோடு இருக்கும்போதே எனக்கு என்று கொடுத்த சேலை அது.

வசந்தா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே மதினி

செல்வி சித்தி: செத்தவர் சேலை பீரோவுக்கு ஆகுமா 🤔

லட்சுமி பெரியம்மா: செல்வி, உன்னிடம் யாரும் கேட்கவில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையைப் போய்க் கத்தரி போடச் சொல்கிறீர்களே.

தீபா அக்கா: 14 இன்ச் மட்டும் பெரியம்மா 🙏 முந்தானை உங்களுக்கே

லட்சுமி பெரியம்மா: பார்க்கலாம். பீரோ சாவி உன் பெரியப்பாவிடம் இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா: அண்ணன் ஆன்லைனில்தான் இருக்கிறார்

வசந்தா அத்தை: அண்ணே

வசந்தா அத்தை: அண்ணே, நீலக் குறி வந்துவிட்டது

கார்த்தி: சித்தப்பா, சாக்கை எடுக்க நான் வரட்டுமா வேண்டாமா? வேன் எத்தனை மணிக்கு?