சைலன்சர் எப்படியும் மாற்ற வேண்டும், மூன்று அங்குலக் குழாய் போட்டுவிடலாமா?

ஏற்றக்காரன்:
என்னுடையது பெட்ரோல் பிக்கப், வி6 (ஆறு சிலிண்டர்), காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கம்பெனிப் புகைக்குழாய் இரண்டேகால் அங்குலம். அதையே திரும்ப வாங்குவதற்குப் பதில் மூன்று அங்குலத்தில் போட்டால் பவர் கூடும் என்று ஓர் ஆசை. ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏற்றம் ஏறினால் வண்டி மூச்சு வாங்குகிறது. போன வருடம் இப்படி இல்லை. எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் ஹெடர் குழாய்களையும் சேர்த்துப் போடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய போல்ட்:
செய்து பார்த்தவன் நான், அதுவும் இதே அளவில். இரண்டேகாலிலிருந்து மூன்றுக்குப் போனால் குழாயின் உள்பரப்பு 78 சதவீதம் கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் குழாய் அகலமானால் புகையின் வேகம் விழுந்துவிடும், தாழ்ந்த சுற்றில் இழுவை குறையும். எனக்கு 4500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 4500 சுற்று) மேல் லேசாக ஓர் உற்சாகம் தெரிந்தது, அவ்வளவுதான். ட்ரெய்லர் இழுக்கும்போது யார் 4500ல் ஓட்டுகிறார்கள்?

சத்தம் வேறு. வி6 எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 2000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 முறை. அந்த 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். ஒரே மாதத்தில் இரண்டரை அங்குலத்துக்கு இறங்கிவிட்டேன். அதிலும் வளைவு நசுங்காமல் வளைத்த குழாயாகப் பார்த்து வாங்குங்கள். நசுங்கிய இடத்தில் இரண்டரை இரண்டாகிவிடும்.

ஹெடர் விஷயம் சுருக்கமாக: அது உட்கார வேண்டிய இடத்தில் இருக்கும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றும்போது போல்ட் ஒன்று தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுக்க இரண்டு சாயங்காலம் போச்சு. என் பெயர்க் காரணம் அதுதான்.

ஆனால் எனக்கு உறுத்துவது "போன வருடம் இப்படி இல்லை" என்கிற வரி. குழாய் போன வருடமும் இரண்டேகால்தானே? சைலன்சரோ ஓட்டையாகக் கிடக்கிறது. எங்காவது அடைப்பு இருந்தால் அதற்கு முன்னால்தான், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐக்குள் இருந்தால் கவலையில்லை. வி6ல் சிலிண்டர்கள் இரண்டு பக்கமாக இருப்பதால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள்.

கரும்புகை:
டர்போ டீசல்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். நமக்கு டர்போவுக்குப் பின்னால் எவ்வளவு தாராளமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது, அகலக் குழாயால் இழுவை குறையாது. அதற்காக டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிடாதீர்கள். பல நாடுகளில் சட்டப்படி குற்றம்; போதாததற்குப் பிரஷர் சென்சார் காட்டிக்கொடுத்து வண்டி தானே பவரைக் குறைத்துக்கொண்டு லிம்ப் மோடுக்குப் போய்விடும். பெட்ரோலில் கன்வெர்ட்டரைக் குடைந்து எடுப்பதும் அதே மாதிரிக் குற்றம்தான்.

ஏற்றக்காரன்:
கேஜ் மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஒன்றரை. வலது பக்கம் ஏழு! ஆறவிட்டு வலது கன்வெர்ட்டரைக் கையால் தட்டினால் டப்பாவுக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி சத்தம். சொல்ல வெட்கமாக இருக்கிறது: சில மாதங்களுக்கு முன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஓர் இக்னிஷன் காயில் போய், பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆனது. செக் எஞ்சின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, நான்தான் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று ஓட்டினேன்.

பழைய போல்ட்:
அந்தக் காயிலும் வலது பக்கம்தானே? எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூடு மாதிரியான உள்ளமைப்பையே உருக்கியிருக்கும். கன்வெர்ட்டரை மாற்றுங்கள், சைலன்சரைக் கம்பெனி அளவிலேயே போடுங்கள். அப்புறமும் இழுவை போதவில்லை என்றால் இரண்டரை அங்குலத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஏற்றக்காரன்:
வலது பக்கமேதான். சரி, அப்படியே செய்கிறேன். குழாய் இணைப்பில் இருக்கும் ஃபிளாஞ்ச் போல்ட் மூன்றுக்கும் துருநீக்கி எண்ணெய் இப்போதே அடித்து வைத்துவிட்டேன். உங்கள் பெயர் எனக்கு வேண்டாம்.