மெடுல்லோபிளாஸ்டோமா திசுவை ஓ.டி.யிலிருந்து (ஆபரேஷன் தியேட்டர்) லேபுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது எப்படி?

பல்கலைநகர்
குழந்தைகளுக்குச் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டியில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்குறேன். மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் ஆபரேஷன், லேப் நாகமலை புதுக்கோட்டை பக்கம். டி.எம்.இ.எம்.ங்கிற வழக்கமான மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) 10% சீரம் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) சேர்த்து வளர்க்கலாம்னு நினைக்கிறேன். போகும் வழியில் திசு கெடாம இருக்க என்ன செய்யணும்? நெறிமுறைக் குழு அனுமதி வந்தாச்சு.

வைகை வடகரை
சீரத்தை விட்டுடுங்க. சீரம் பட்டா கட்டியின் மூலச்செல்கள் உருமாறி, ஃபிளாஸ்க் தரையில் ஒட்டிப் பரவும். நாலு வாரம் கழிச்சு ஃபிளாஸ்க் நிறைய ஃபைப்ரோபிளாஸ்ட் (சாதாரண இணைப்புத் திசுச் செல்) இருக்கும், கட்டி இருக்காது. சீரம் இல்லாத நியூரோபேசல் மீடியம், பி27 ஊட்டக் கலவை (50-க்கு 1), வளர்ச்சிக் காரணிகளான ஈ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2 இரண்டும் மில்லிக்கு 20 நானோகிராம், ஹெப்பாரின் மில்லிக்கு 2 மைக்ரோகிராம். எஃப்.ஜி.எஃப். 37 டிகிரியில் சீக்கிரம் செயலிழக்கும். ரெண்டு மூணு நாளுக்கு ஒருதடவை புதுசா சேர்க்கணும்.

வழிக்கும் டி.எம்.இ.எம். சரிவராது. அதோட பைகார்பனேட் பஃபருக்கு 5% கார்பன் டை ஆக்சைடு வேணும். இல்லாட்டி காரத்தன்மை ஏறி மீடியம் ஊதா கலந்த சிவப்பாகும். ஹைபர்னேட்-ஏங்கிற மீடியம் வெளிக்காற்றிலேயே தாங்கும். 15 மில்லி ட்யூபில் 10 மில்லி ஊத்தி, தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கின ஐஸும் தண்ணியும் கலந்து அதுக்குள்ள நிறுத்துங்க. ஃப்ரீசரில் கிடந்த ஜெல் பேக்கை ட்யூபோடு ஒட்டவிட்டா மீடியம் உறைஞ்சு செல் கிழியும். சித்திரைத் திருவிழா நாளில் கோரிப்பாளையம், தல்லாகுளம் சாலைகளை அடைப்பாங்க; அந்த வாரம் மாதிரி எடுக்கும் திட்டமே வேண்டாம்.

மைக்ராஸ்கோப்
ஒண்ணு சேர்த்துச் சொல்றேன், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது: திசு முதல்ல நோயறிதலுக்கு. பேத்தாலஜிக்குப் போதுமான அளவு ஃபார்மலினில் போன பிறகு மிச்சம்தான் உங்களுக்கு. கட்டியின் வகையைக் காட்டும் புரதங்களான பீட்டா-கேட்டனின், யாப்1, கேப்1 ஸ்டெயின் முடிவை அவங்ககிட்டயே கேட்டு வாங்குங்க. டபிள்யூ.என்.டி. வகையா, எஸ்.ஹெச்.ஹெச். வகையா (செல்லின் எந்த சமிக்ஞைப் பாதை கெட்டதுன்னு வச்சுப் பிரிப்பது), ரெண்டும் இல்லையான்னு தெரியாம வளர்க்கிற செல்லை வச்சு எந்த மருந்தையும் சோதிக்க முடியாது.

சர்ஜன்கிட்ட முன்கூட்டியே பேசி, காட்டரி (ரத்தத்தை நிறுத்தச் சுடும் கருவி) படாத துண்டா கேளுங்க. கருகின ஓரம் பழுப்பா, விறைப்பா இருக்கும். நல்ல திசு சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் கொழகொழன்னு இருக்கும்.

ஒப்புதலை ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கணும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வந்து நிற்கும் அப்பா அம்மாகிட்ட, சம்மதிக்காட்டியும் வைத்தியம் மாறாதுன்னு பேச்சுத் தமிழில் சொல்லணும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயசுக் குழந்தையின் இசைவை வாய்மொழியா, அதுக்கு மேல 18 வரை எழுத்துல வாங்கணும். அந்தப் பிள்ளைக்கும் புரியுற மாதிரி சொல்லுங்க.

பல்கலைநகர்
நன்றி மேடம், நன்றிண்ணே. செல்லைப் பிரிக்கும்போது கோழை மாதிரி இழுபட்டுக்கிட்டு வடிகட்டி அடைச்சுக்குமாமே?

வைகை வடகரை
அது செத்த செல்லிலிருந்து வெளியேறின டி.என்.ஏ. திசுவை 1 மில்லிமீட்டர் துண்டா நறுக்கி, பப்பெயின் (திசுவைப் பிரிக்கும் நொதி) மில்லிக்கு 20 யூனிட், டி.என்.ஏஸ்-1 (டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) மில்லிக்கு 100 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 20 நிமிஷம். டி.என்.ஏஸுக்கு மெக்னீசியம் வேணும், அதிகமா ஈ.டி.டி.ஏ. (மெக்னீசியத்தைப் பிடிச்சுக்கிற ரசாயனம்) இருக்கும் கரைசலில் போட்டா வேலையே செய்யாது. பைப்பெட்டில் மெதுவா, நுரை வராம பத்துப் பதினைஞ்சு தடவை ஏத்தி இறக்கி, 70 மைக்ரான் வடிகட்டியில் விடுங்க. ரத்தம் கலந்திருந்தா சிவப்பணுவை உடைக்க அம்மோனியம் குளோரைடு 3 நிமிஷம், உடனே கழுவிடணும்.

டிரைபான் ப்ளூவில் (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) எண்ணி, மில்லிக்கு 50,000 உயிர்ச்செல் போடுங்க. நெருக்கமாப் போட்டா மறுநாளே உருண்டை தெரியும், பார்த்ததும் சந்தோஷமா இருக்கும். அது செல்கள் சும்மா ஒட்டிக்கிட்டது. பிரிஞ்சு பெருகி வரும் உருண்டைக்கு ஒரு வாரமாவது ஆகும். நடு கறுக்கிறதுக்கு முன்னாடி பிரிச்சுடுங்க, உள்ளே ஆக்சிஜன் எட்டாது.

மைக்ராஸ்கோப்
எல்லாக் கட்டியும் வளராது, டபிள்யூ.என்.டி. வகையும் குரூப் 4-ம் (இன்னொரு வகை) ரொம்பக் கஷ்டம். அதனால வந்த அன்னைக்கே ஒரு துண்டைத் திரவ நைட்ரஜனில் போட்டு வைங்க. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க டேயாய் (Daoy), டி283 (D283)ங்கிற ஏற்கெனவே இருக்கும் மெடுல்லோபிளாஸ்டோமா செல் லைன்களை ஓட்டுங்க, டேயாய்ல டி.பி.53 மரபணு மாற்றம் உண்டு, முடிவைப் படிக்கும்போது அதைக் கணக்கில் வைக்கணும். மாசம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொத்தும் நுண்ணிய பாக்டீரியா) பி.சி.ஆர். சோதனை, புது லைன் உருவானதும் நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டு எஸ்.டி.ஆர். (டி.என்.ஏ. அடையாளச் சோதனை) பண்ணணும். ரத்த மாதிரிக்கும் சேர்த்தே ஒப்புதல் படிவத்தில் எழுதிடுங்க.